ஓர் இலக்கிய இதழின் ஆயுளை வாசிப்பது எப்படி: அயர்லாந்தின் ‘தி பெல்’ வழியாக

பழைய இலக்கிய இதழ் ஒன்று கைக்குக் கிடைத்ததும் நாம் முதலில் செய்வது, உள்ளடக்கப் பக்கத்தைத் திருப்பி, பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர் யாராவது இருக்கிறாரா என்று தேடுவதுதான். அப்படித் தேடினால் நல்ல கதைகள் நாலைந்து அகப்படும். ஆனால் தாள் கிடைக்காத காலத்தில் தாள் தேடி, அச்சகத்துக்குத் தவணை சொல்லி, சட்டத்துக்கும் மதத் தலைமைக்கும் நடுவே வழி பார்த்து மாதாமாதம் வெளிவந்த ஒரு முயற்சியின் கதை அந்தத் தேடலில் நழுவிப்போகும். இதழுக்கும் பிறப்பு, நோய், மயக்கம், இறப்பு எல்லாம் உண்டு. அந்த ஆயுளைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்க விரும்புவோருக்காக, எனக்குப் பயன்பட்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது, டப்ளினில் 1940 அக்டோபரில் தொடங்கி 1954 டிசம்பரில் நின்ற ‘தி பெல்’. அயர்லாந்தில் இதைவிட நீண்ட ஆயுள் கண்ட இதழ்கள் உண்டு. ‘டப்ளின் மேகசின்’ 1923 முதல் 1958 வரை ஒரே ஆசிரியரின் கையில் நடந்தது. ஆனாலும் முதன்முதலில் பழகுவதற்கு ‘தி பெல்’ ஏற்றது. அது ஒருமுறை ஆசிரியரை மாற்றிக்கொண்டது, ஒருமுறை நின்று மீண்டது, அரசோடும் திருச்சபையோடும் மோதியது; ஓர் இதழுக்கு நேரக்கூடியவற்றில் பெரும்பாலானவை அதற்கு நேர்ந்திருக்கின்றன.

முதலில் கணக்கு

படிக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டில் கோடு போட்டு, ஆண்டு, மாதம், தொகுதி எண், இதழ் எண், ஆசிரியர், விலை, பக்க எண்ணிக்கை, குறிப்பு என்று எட்டுப் பத்திகள் பிரித்துக்கொள்ள வேண்டும். இது குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் எழுதிய இதழ் வரலாறுகளில் ஆண்டுகள் இடம் மாறிக் கிடப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

‘தி பெல்’லின் முற்பகுதியில் ஆறு மாதங்களுக்கு ஒரு தொகுதி. ஆகவே தொகுதிகள் அக்டோபரிலோ ஏப்ரலிலோதான் தொடங்கும். யாரோ ஒருவர் தம் கட்டுரையில் ‘தொகுதி 12, இதழ் 1’ என்று மட்டும் குறித்துவிட்டு மாதத்தை விட்டிருந்தால், பன்னிரண்டில் ஒன்றைக் கழித்து, மீதமுள்ள பதினொன்றை ஆறால் பெருக்கினால் 66 மாதங்கள் வரும். 1940 அக்டோபரிலிருந்து ஐந்தரை ஆண்டுகளை எண்ணினால் 1946 ஏப்ரலில் நிற்போம். அதுவே சரியான மாதம். இந்தக் கணக்கின்படி 1948 ஏப்ரல் இதழ் 16ஆம் தொகுதியின் முதல் இதழ், அதாவது தொடக்கத்திலிருந்து 91ஆவது இதழ். 1940 அக்டோபரிலிருந்து எண்ணினால் அது 91ஆவது மாதமும் ஆகும். உலகப் போரையும் தாள் பஞ்சத்தையும் தாண்டி வந்த ஏழரை ஆண்டுகளில் வரிசை எண் ஒரு மாதம்கூடப் பின்தங்கவில்லை என்பதை எந்த வரலாற்று நூலின் துணையும் இல்லாமல் இந்தப் பெருக்கல் ஒன்றே சொல்லிவிடுகிறது.

இப்போது பிற்பகுதிக்கு வாருங்கள். 1948 ஏப்ரலோடு நின்ற இதழ் 1950 நவம்பரில் திரும்பி வந்தபோது, புதிதாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்காமல், ‘தொகுதி 16, இதழ் 2’ என்றே போட்டுக்கொண்டது. நடுவில் ஓடிப்போன முப்பது மாதங்களை அந்த எண் ஒப்புக்கொள்ளவே இல்லை. மொத்த இதழ்கள் 131. முதல் பகுதியின் 91 போக மிச்சம் 40. 1950 நவம்பர் முதல் 1954 டிசம்பர் வரை ஐம்பது மாதங்கள். ஆக, மறுபிறவியில் மாதம் தவறாமல் வர முடியவில்லை என்பது நோட்டிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: 1951 ஏப்ரலிலிருந்து தொகுதிக்கு ஆறு என்ற வரிசை கைவிடப்பட்டு, எஞ்சிய 35 இதழ்களும் மூன்றே தொகுதிகளில் அடங்கிவிட்டன. எனவே மேலே சொன்ன பெருக்கல் வாய்பாட்டை, மாதம் கணிக்க 1948 ஏப்ரலுக்கு மேலும், இதழ்களை எண்ண 1951 ஏப்ரலுக்கு மேலும் நம்பக் கூடாது.

முதல் தலையங்கமும் அதன் எதிர்ப்பக்கமும்

கணக்கு முடிந்ததும் முதல் இதழின் தலையங்கத்தைப் படிக்கலாம். ஆனால் தலையங்கம் என்பது வாக்குறுதி. அதே இதழின் மற்றப் பக்கங்களே அந்த வாக்குறுதியின் முதல் தவணை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

முதல் ஆசிரியர் ஷோன் ஓ ஃபுவேலான் 1900இல் கார்க் நகரில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியின் காவல் படையில் பணியாற்றிய ஒரு காவலரின் மகனாகப் பிறந்து, ஜான் வீலன் என்ற பெயரோடு வளர்ந்து, பிறகு பெயரை ஐரிஷ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, அதே ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட குடியரசுப் படையில் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர் ‘இது உங்கள் இதழ்’ என்று தலைப்பிட்டு எழுதிய முதல் தலையங்கத்தில், அயர்லாந்தைக் கன்னியாகவும் அரசியாகவும் ஏழைக் கிழவியாகவும் உருவகித்த பழைய பெயர்கள் எல்லாம் பிரையன் போரு மன்னரைப் போலவே செத்துப்போயின என்கிறார். பிரையன் போரு இறந்தது 1014இல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்த வரியின் காரம் புரியும். மணி என்று பொருள்படும் பெயரை அவர் இதழுக்குத் தேர்ந்ததற்கும் காரணம் இதுவே: அந்தச் சொல்லோடு பழைய நினைவுகள் அதிகம் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அதே தலையங்கம், கத்தோலிக்கரானாலும் புராட்டஸ்டன்டானாலும், பாதிரியாரானாலும் இல்லறத்தாரானாலும், பெரிய வீட்டில் இருந்தாலும் சிறிய வீட்டில் இருந்தாலும் இந்த இதழ் உங்களுடையது என்று வாசகரை அழைக்கிறது.

‘பெரிய வீடு’ என்பது அங்கே வெறும் அளவைக் குறிக்கும் சொல்லன்று. அது ஆங்கிலோ-ஐரிஷ் நிலக்கிழார்களின் மாளிகை. 1920களின் போர்களில் பல மாளிகைகள் கொளுத்தப்பட்டன. இப்போது அதே இதழின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். கார்க் மாவட்டத்தில் அத்தகைய மாளிகை ஒன்றுக்கு உரிமையாளரான எலிசபெத் போவன், ‘பெரிய வீடு’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். முன்னாள் குடியரசுப் படை வீரர் ஒருவர், அந்தப் படையினர் பகையாக எண்ணிய வர்க்கத்தின் வாரிசுக்குத் தம் முதல் இதழிலேயே இடம் கொடுத்திருக்கிறார். அழைப்பு வாய்ச்சொல்லாக நின்றுவிடவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இந்த ஒப்பீட்டை முடித்த பிறகே போவனின் உரைநடை அழகுக்குப் போகலாம்.

அடுத்த சில மாதங்களில், அந்த இதழ் எதைப் புனைவு என்றும் எதை உண்மைத் தகவல் என்றும் பிரித்து வைக்கிறது என்பதைக் கவனியுங்கள். கதையும் கவிதையும் ஒரு பக்கம் இருக்க, நகைச்சுவை எழுத்தாளர் ஃபிளான் ஓ பிரையன் நாய்ப் பந்தயம், டப்ளின் மதுக்கடைகள், நடன அரங்குகள் ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறார். மற்றவர்களின் வருமானம் என்ற பொருளில் வெவ்வேறு நிலைகளில் உள்ள குடும்பங்களின் வரவு செலவு அச்சாகிறது. சிறைவாசம் முடிந்து வந்த ஒருவர் தம் பெயருக்குப் பதிலாகக் கைதி எண்ணையே போட்டுத் தம் அனுபவத்தைத் தொடராக எழுதுகிறார். 1942 ஜூன் இதழில், அப்போது பத்தொன்பதே வயதான பிரெண்டன் பீஹன், இங்கிலாந்தில் சிறார் சீர்திருத்தச் சிறைக்குப் போன கதையைச் சொல்கிறார். இவற்றைப் பக்கத்தை நிரப்பப் போட்டவை என்று தாண்டிவிடும் வாசகர், இதழின் இதயத்தையே தாண்டிவிடுகிறார் என்பது என் எண்ணம். நாடு எப்படி இருக்க வேண்டும் என்று மேடைகளில் சொல்லப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், நாடு எப்படி இருக்கிறது என்று எழுதிப் பார்ப்பதையே ஓ ஃபுவேலான் இலக்கியப் பணியாகக் கருதினார்.

ஆசிரியர் மாறும் இடம்

பிறகு நேராக விடைபெறும் தலையங்கத்துக்குப் போய்விடுவது நல்லது. நடுப்பகுதியை அதன் பிறகு படித்தால் வேறு வெளிச்சத்தில் தெரியும். 1946 ஏப்ரலில் ஓ ஃபுவேலான் எழுதிய விடைபெறுதலில் களைப்பு வெளிப்படையாக இருக்கிறது. நடுத்தர வர்க்கத்தையும், குறுகிய தேசியவாதிகளையும், ஒழுக்கக் காவலர்களையும், போலிப் பக்தர்களையும் திட்டித் திட்டி அலுத்துப்போய்விட்டது என்று நீண்ட பட்டியல் போட்டு அவரே ஒப்புக்கொள்கிறார். அதைப் படித்துவிட்டு 1943, 1944 இதழ்களுக்குத் திரும்பினால், அந்த அலுப்பு எந்தத் தலையங்கத்தில் முதலில் எட்டிப்பார்க்கிறது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற பெடர் ஓ டானல் 1893இல் டோனிகால் மாவட்டத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர், தொழிற்சங்க அமைப்பாளர், உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டவர், சோஷலிஸ்ட், நாவலாசிரியர். ஆசிரியர் மாறியதும் இதழ் தரம் தாழ்ந்தது என்ற தீர்ப்பைப் பல இடங்களில் காண்பீர்கள். அதை ஏற்றுக்கொள்வதற்கு முன் இரண்டு இதழ்களை எடுத்துப் பாருங்கள். ஒன்று 1951 ஜூன் இதழ். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் அளிக்கும் திட்டத்தை ஆயர்கள் எதிர்த்ததால், அந்த ஏப்ரலில்தான் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் பதவி விலகியிருந்தார். நாட்டில் டப்ளினில் ஒரு நாடாளுமன்றமும் மேனூத்தில் ஒரு நாடாளுமன்றமுமாக இரண்டு இருக்கின்றன என்று, ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கியிருந்த ஓ ஃபுவேலான் அந்த இதழில் எழுதினார். மேனூத் என்பது பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி இருக்கும் ஊர். ஆயர்கள் கூடும் இடம். மற்றொன்று 1954 ஆகஸ்ட் இதழ். டப்ளின் தொழிலாளர் வாழ்வை எழுதிய ஜேம்ஸ் பிளங்கெட்டின் கதைகளுக்கே முழுக்க ஒதுக்கப்பட்டது. தரம் தாழ்ந்த இதழ் இவற்றைச் செய்திருக்காது. இதழ் குறைவாக வந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கையும் தரமும் வேறு வேறு பத்திகளில் எழுத வேண்டியவை.

இல்லாத இதழ்களைப் படிப்பது

மௌனத்தை வாசிப்பதே இந்த வேலையில் கடினமான பகுதி. 1948 மே முதல் 1950 அக்டோபர் வரை ‘தி பெல்’ இல்லை. பணமுடைதான் நிறுத்தியது. ஆனால் அந்த முப்பது மாதங்களில் நாட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால், இடைவெளியின் கனம் தெரியும். பதினாறு ஆண்டுகள் ஆட்சியில் இருந்த பிரதமர் டி வலேரா 1948 பிப்ரவரியில்தான் பதவியை இழந்திருந்தார். 1949 ஏப்ரல் 18 அன்று அயர்லாந்து முறைப்படி குடியரசானது. தன் தலைமுறையின் சாட்சியாக இருந்த இதழ், அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய அரசியல் சடங்கு நடந்தபோது வாய் மூடிக் கிடந்தது.

இடைவெளி வந்தால் பக்கத்து வீட்டு இதழ்களைப் படிக்க வேண்டும். 1949 டிசம்பரில் ஜான் ரையன் தொடங்கிய ‘என்வாய்’ 1951 ஜூலை வரை இருபது இதழ்கள் வந்தது. கார்க்கில் டேவிட் மார்கஸ் நடத்திய ‘ஐரிஷ் ரைட்டிங்’ 1946இலேயே தொடங்கிவிட்டது. ‘தி பெல்’லில் எழுதிய கவிஞர் பாட்ரிக் கவனா ‘என்வாய்’ இதழில் மாதந்தோறும் நாட்குறிப்பு எழுதினார். எந்த எழுத்தாளர் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனார், எவர் திரும்பி வந்தார் என்பதை நோட்டின் குறிப்புப் பத்தியில் எழுதிவைத்தால், 1950 நவம்பரில் திரும்பி வந்த இதழ் எத்தகைய சந்தைக்குள் வந்தது என்பது விளங்கும்.

இன்னொரு வகை மௌனம் சட்டத்தால் வருவது. 1929ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டப்படி ஐந்து பேர் கொண்ட வாரியம் நூல்களைப் பரிசீலித்தது. அடிக்கடி ஆபாசமாக எழுதும் பருவ இதழ்களைத் தடை செய்யவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. ஓ ஃபுவேலானின் நூல்களே 1932இலும் 1936இலும் தடைபட்டிருந்தன. ஆகவே அவர் எழுதியதைப் போலவே எழுதாமல் விட்டதும் பொருள் உள்ளது. 1942இல், கார்க் மலைப்பகுதியில் வாழ்ந்த ஒரு முதிய தையற்காரரும் அவர் மனைவியும் அடுப்போரம் பேசிய பேச்சைப் பதிவு செய்த நூல் தடை செய்யப்பட்டது. பாதிரியார்கள் வீட்டுக்கே வந்து, அந்த முதியவர் கையாலேயே நூலை அடுப்பில் போடவைத்தார்கள். மேலவையில் அந்தத் தடையை எதிர்த்துப் பேசிய உறுப்பினர் நூலிலிருந்து படித்துக் காட்டிய பகுதிகள் அவைக் குறிப்பிலிருந்தே நீக்கப்பட்டன. அந்த மாதங்களின் ‘தி பெல்’லை, மேலவை விவாதத்தின் அச்சுப் பதிவோடு சேர்த்துப் படியுங்கள். அரசின் பதிவில் ஓட்டை விழுந்திருக்கும் இடத்தில் இதழ் எவ்வளவு தூரம் துணிகிறது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறது என்பது தெரியும்.

கையில் இருக்கும் பிரதியைச் சந்தேகியுங்கள்

நூலகங்களில் பழைய இதழ்களைப் பெரும்பாலும் பைண்டு செய்த தொகுதிகளாகத்தான் பார்ப்போம். பைண்டு செய்பவர்களுக்கு அட்டையும் விளம்பரத் தாள்களும் வெறும் கனம். அவற்றைக் கழித்துவிட்டே தைப்பார்கள். ஒருமுறை ஒரு நூலகத்தில், வேறொரு இதழின் ஏழு ஆண்டுத் தொகுதிகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, அந்த இதழ் விளம்பரமே வாங்காமல் நடந்தது என்று பெருமிதத்தோடு குறித்துக்கொண்டேன். சில மாதங்கள் கழித்துப் பழைய புத்தகக் கடையில் அதன் தனிப் பிரதி ஒன்று கிடைத்தபோது, முன்னால் ஆறு பக்கங்களும் பின்னால் ஆறு பக்கங்களும் விளம்பரமாகவே இருந்தன. முதுகில் ஒட்டியிருந்த பசையைத் தடவிப் பார்த்திருந்தாலே, தாள் கிழித்தெடுத்த விளிம்பு கையில் தட்டியிருக்கும். அன்றிலிருந்து, எந்த இதழானாலும் தைக்கப்படாத தனிப் பிரதி இரண்டையாவது பார்க்காமல் விலை, விளம்பரம், சந்தா ஆகியவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

பெயர்களையும் அதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ‘தி பெல்’லில் விமர்சனம் எழுதிய டோனட் ஓ டானல், ஆசிரியர் பெடர் ஓ டானலின் உறவினர் அல்லர், அது அரசுப் பணியில் இருந்த கானர் க்ரூஸ் ஓ பிரையனின் புனைபெயர். ஃபிளான் ஓ பிரையன் என்பவரும் அரசு ஊழியரே. இயற்பெயர் பிரையன் ஓ நோலன். ‘தி பெல்’ தொடங்கிய அதே 1940 அக்டோபரில்தான் அவர் ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் மைல்ஸ் என்ற இன்னொரு பெயரில் தம் புகழ்பெற்ற பத்தியைத் தொடங்கினார். நூலகப் பட்டியலில் ஓ ஃபுவேலானின் பெயர் உச்சரிப்புக் குறிகளோடு ஒரு விதமாகவும் குறிகள் இல்லாமல் வேறு விதமாகவும் இருக்கும். இரண்டு விதமாகவும் தேடாவிட்டால் பாதி கைக்கு வராது.

131 இதழ்களையும் படிக்க நேரமோ வாய்ப்போ இல்லாதவர் பத்து இதழ்களோடு தொடங்கலாம்: 1940 அக்டோபர், நவம்பர், அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்டர் பகுதிக்கு ஒதுக்கிய 1941 ஜூலை, 1942 ஜூன், 1946 ஏப்ரல், நின்ற 1948 ஏப்ரல், மீண்ட 1950 நவம்பர், 1951 ஜூன், 1954 ஆகஸ்ட், கடைசியாக 1954 டிசம்பர். தேர்வுத் தொகுப்பு நூலைக் கொண்டு தொடங்க வேண்டாம். தொகுப்பாளர் காலத்தால் மங்கியதையெல்லாம் கழித்துவிடுவார். நமக்கு வேண்டியதோ அந்த மங்கலும்தான்.

இந்த முறை பழகிய பின் வேறு இதழ்களுக்குப் போனால், ஒவ்வொன்றும் வேறு விதமாக மூச்சு விடுவது தெரியும். ‘டப்ளின் மேகசின்’ மாத இதழாகத் தொடங்கி, 1926இல் காலாண்டிதழாகி, ஆசிரியர் ஷேமஸ் ஓ சல்லிவன் 1958இல் மறைந்ததும் அவரோடு முடிந்தது. 1975இல் நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து தொடங்கிய ‘சைஃபர்ஸ்’ அப்படியல்ல. நால்வரில் மூவர் 2012, 2016, 2018 ஆண்டுகளில் காலமான பிறகும், நான்காமவரான எய்லீன் நி குலனோயின் இருக்க, இதழும் இருந்தது. 1998இல் முதல் இதழ் கண்ட ‘ஸ்டிங்கிங் ஃப்ளை’ ஆசிரியர் பொறுப்பைக் கைமாற்றிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் அந்த நாற்காலியில் நாவலாசிரியர் சாலி ரூனி இருந்தார். வட அயர்லாந்தில் கவிஞர் ஜேம்ஸ் சிம்மன்ஸ் 1968 மே மாதம் தொடங்கிய ‘ஆனஸ்ட் அல்ஸ்டர்மன்’ 2003இல் அச்சில் நின்றுபோய், 2014இல் இணையத்தில் மறுபடி வரத் தொடங்கியது. ஆகவே நோட்டில் ‘நின்றது’ என்ற வரியை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். 1948 ஏப்ரலில் யாராவது ‘தி பெல்’லுக்கு அந்த வரியை மையால் எழுதியிருந்தால், இன்னும் நாற்பது இதழ்களுக்கு அவர் நோட்டில் இடம் இருந்திருக்காது.